விசைப்பலகைக்கு எழுத்து தெரியுமா?



தூசு படிந்த பழங்கணினியோடு இன்றைய விசைப்பலகையை இணைத்துப் பார்ப்பது வெட்டி வேலை என்பது பலருடைய எண்ணம். நான் அவ்வாறு கருதவில்லை. தமிழ்ப்பள்ளிக் கணினிக் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதனினும் சிறந்த செய்முறைப் பாடம் கிடைப்பது அரிது என்பேன்.

1982-இல் வெளிவந்த கமடோர் 64 கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் விசைப்பலகைக்குச் சொந்த அறிவு கிடையாது. எட்டு நெட்டுக் கம்பிகள், எட்டுக் கிடைக் கம்பிகள். அவை குறுக்கிடும் 64 இடங்களில் 64 தொடுமுனைகள். விசையை அழுத்தினால் இரு கம்பிகள் இணையும், அவ்வளவுதான். அழுத்தப்பட்டது எது என்பதைக் கணினியே நொடிக்கு ஏறக்குறைய 60 முறை சோதித்துக் கண்டறிகிறது.

இன்றைய யு.எஸ்.பி. விசைப்பலகையோ தனக்குள்ளேயே ஒரு சிறு கணினியை வைத்துக்கொண்டு, விசைக்குரிய எண்ணைத் தானே அனுப்புகிறது. ஒன்று எண்ணைச் சொல்கிறது. மற்றொன்று கம்பி தொடுவதை எதிர்பார்க்கிறது. எனவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். யு.எஸ்.பி. விசைப்பலகையை ஏற்கும் வசதியுள்ள அர்டுயினோ பலகையும், 64 மின்னணுச் சுவிட்சுகள் அடங்கிய எம்.டி.8808 சில்லும் அப்பணியைச் செய்யும். பலகை எண்ணைப் படித்து உரிய சுவிட்சை மூடும். யாரோ விசையை அழுத்திவிட்டதாகக் கமடோர் நம்பிவிடும்!

மாணவர் மூளையைக் கசக்க வேண்டிய இடம் இனிமேல்தான். இன்று வழக்கமான பலகையில் @ குறிக்கு ஷிஃப்டும் 2-உம் சேர்த்து அழுத்துகிறோம். கமடோரில் அதே இரண்டும் சேர்ந்தால் மேற்கோள்குறி விழும். @ குறிக்குத் தனி விசை உண்டு. ஆகவே, அழுத்திய ஷிஃப்டை மறைத்து அந்த ஒன்றை மட்டும் மூட வேண்டும். இடப்பக்க அம்புக்குறிக்கோ நேர்மாறு: கமடோரில் அம்புக்குறி விசைகள் இரண்டே என்பதால், வலப்பக்க விசையோடு ஷிஃப்டையும் மூட வேண்டும். விசையின் இடத்தைப் பின்பற்றுவதா, அதில் பொறித்த குறியைப் பின்பற்றுவதா? மாணவர்கள் விவாதிக்கட்டும்.

இதில் தமிழுக்கென்ன வேலை என்பீர்கள். 'கே' என்ற ஆங்கில எழுத்து பொறித்த விசை அனுப்பும் எண் 14. அது தமிழ்99 முறையில் 'ம' ஆகிறது. அஞ்சல் முறையில் 'க்' ஆகிறது. விசை தன் இடத்தை மட்டுமே சொல்கிறது. எழுத்தைத் தீர்மானிப்பது மென்பொருள். தமிழ் பொறித்த விசைப்பலகை இருந்தால்தான் தமிழில் தட்டச்சு செய்ய இயலும் என்று இன்றும் நம்புவோர் நம்மிடையே உள்ளனர். எண்ணுக்கும் குறிக்கும் உரிய அட்டவணையைத் தன் கையால் எழுதிய பிள்ளை அப்படி நம்பாது.

"தேர்வில் வருமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வே நீங்கிவிட்டது, கேள்வி மட்டும் இன்னும் நீங்கவில்லை.

பழங்கணினியை வெட்டவோ அதன்மேல் பற்றவைக்கவோ வேண்டா. உள்ளிருக்கும் விசைப்பலகைச் செருகியைக் கழற்றி அங்கேயே நம் இணைப்பைச் செருகலாம். பிறகு பழையபடி மாற்றிவிடலாம். அதன் பழைய மின்வழங்கியை மட்டும் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். அது பழுதானால் 5 வோல்ட்டைத் தாண்டி மின்சாரம் பாய்ந்து நினைவகச் சில்லுகள் கருகக்கூடும். முதலில் ஆசிரியரே அளந்து பார்க்கட்டும்.