மோட்டார் ஓடுதான்னு கேக்காதீங்க

பழைய விஞ்ச் ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி, "மோட்டார் ஓடுதா?" என்னைக் கேட்டா அது ரெண்டாவதா கேக்க வேண்டியது. முதல் கேள்வி, "பிடிச்சா நிக்குமா?"

விஞ்ச்னா என்னன்னு முழிக்கிற நண்பர்களுக்கு: ஜீப்போட முன் பம்பர்ல ஒரு உருளை, அதில சுத்தின ஒயர் ரோப், பக்கத்துல வண்டி பேட்டரியில ஓடற ஒரு மோட்டார். சேத்துல மாட்டிக்கிட்டா ரோப்பை எதிர்ல இருக்கிற புளியமரத்துல கட்டிட்டு சுவிட்சை அமுக்கினா, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கும். அமெரிக்காவோட வார்ன் கம்பெனி 1974ல கொண்டுவந்த 8274தான் இதுல சூப்பர்ஸ்டார். பேர்லயே ஜாதகம் இருக்கு: 8 ஆயிரம் பவுண்டு, 74ஆம் வருஷம். நம்ம கணக்குல சுமார் 3600 கிலோ இழுவை.

மோட்டாரைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை. கிட்டத்தட்ட செல்ஃப் மோட்டாரோட பெரியண்ணன் அது. கார்பன் பிரஷ் மாத்தணும், கம்யூட்டேட்டரை லேத்துல லேசா கடைஞ்சு எடுக்கணும், தேவைப்பட்டா காயில் கட்டணும். இதெல்லாம் தெரிஞ்ச மெக்கானிக் திருவண்ணாமலையில இல்லாமலா போயிடுவாரு? முழு பாரத்துல 400 ஆம்பியருக்கு மேல உறிஞ்சும், அதனால ஒயரும் சொலினாய்டும் புதுசா இருக்கட்டும். அவ்வளவுதான்.

பிரேக்தான் விஷயம். சுவிட்சை விட்டதும் பாரம் ரோப்பைப் பின்னால இழுக்கும். அந்த இழுப்பே உள்ளே இருக்கிற தட்டுகளை ஒண்ணோட ஒண்ணு இறுக்கிப் பிடிச்சு உருளையை நிறுத்தணும். தட்டு தேஞ்சிருந்தாலோ, எண்ணெய் பட்டு வழவழன்னு ஆகியிருந்தாலோ மோட்டார் அம்சமா இழுக்கும், ஆனா நிக்காது. பாதிச் சரிவுல தொங்கற ஜீப்புக்குக் கீழ யாராவது நின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்க ஊர்க்காரனுக்கு இது புரியணும். தீபத் திருவிழா ஏழாம் நாள் மாட வீதியில வந்து பாருங்க. அஞ்சு தேர். அம்மன் தேரைப் பொண்ணுங்களே இழுப்பாங்க, அது தனி அழகு. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறதைத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கறாங்க. 59 அடி பெரிய தேரைத் திருப்பறதும் நிறுத்தறதும் யாரு? சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோட குனிஞ்சு ஓடறாங்களே, அவங்க. திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் செஞ்சு குடுத்ததும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும்தான், இழுக்கிற இஞ்சின் இல்லை.

பழனியில 1966லேர்ந்து விஞ்ச் மலையேத்துது. பராமரிப்புன்னு அதை நிறுத்தினா நம்ம ஜனங்க பொலம்பற பொலம்பல் இருக்கே! பொலம்பறவங்க லிஸ்பன் கதையைக் கேக்கணும். அங்க குளோரியான்னு ஒரு கேபிள் ரயில், 1885ல ஆரம்பிச்சது, 2002ல தேசியச் சின்னம்னு அறிவிச்சாங்க. மஞ்சப் பெயிண்ட்ல பளபளன்னு இருக்கும். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ரெண்டு பெட்டியையும் இணைக்கிற ரோப் விட்டுப்போச்சு. பிரேக்மேன் உடனே பிரேக்கைப் போட்டும் நிக்கலை. 16 பேர் போயிட்டாங்க. அன்னைக்குக் காலையில கண்ணால பாத்து சோதிச்சப்போ ஒரு கோளாறும் தெரியலையாம். விட்டுப்போன இடம் கழட்டினாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

அதனால "ஒரிஜினல் பார்ட்ஸை மாத்தினா அது ரெஸ்டோரேஷனே இல்லை"ன்னு சண்டைக்கு வர்ற அன்பர்களோட எனக்கு ஒத்துவராது. கியர் பெட்டி, மோட்டார் கூடு, பேர்ப் பலகை இதெல்லாம் பழசாவே இருக்கட்டும், கும்பிட்டு வெச்சுக்கலாம். ரோப்பும் பிரேக் தட்டும் சீலும் தேயறதுக்குன்னே பொறந்த சாமான். 2024 நவம்பர்ல எங்க பெரிய தேரைப் புதுப்பிச்சு வெள்ளோட்டம் விட்டாங்க. பழைய மரத்தை ஏன் மாத்தினீங்கன்னா கேட்டாங்க? ஓடி நின்னுதான்னுதான் பாத்தாங்க.

விஞ்சுக்கும் அந்த வெள்ளோட்டம் வேணும். நல்ல சரிவா பாத்து, காலி வண்டியை, பின்னால ஆள் நடமாட்டம் இல்லாம, நாலடி இழுத்து நிறுத்துங்க. சுவிட்சை விட்டு பத்து நிமிஷம் சும்மா இருங்க. ஒரு விரக்கடை பின்னால நழுவினாலும் திரும்ப பட்டறைக்கு. ரோப் மேல பழைய கோணிச் சாக்கு ரெண்டைப் போட்டு வைங்க, அறுந்தா சவுக்கு மாதிரி அடிக்கும். இன்னொண்ணு, பழைய பிரேக் தட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடிச்சு ஊதித் தொலைக்காதீங்க, ஈரத்துணியால தொடைங்க.

பெயிண்ட் கடைசியில அடிச்சுக்கலாம். சிவப்பா கறுப்பாங்கற சண்டையைப் பின்னூட்டத்துல வெச்சுக்குவோம் :-)