இறகு உதிர்ந்தால் நோயா?
'லவ் பேர்ட்ஸ்' வளர்ப்போர் பதறுவது ஏன்?

கூண்டுக்குள் நாலு இறகு கிடந்தால் போதும், 'லவ் பேர்ட்ஸ்' வளர்ப்பவர் பதறியடித்துக் கடைக்கு ஓடுகிறார். சில கடைக்காரர்கள் ஒரு சொட்டு மருந்தை நீட்டி விடுகிறார்கள். காசு போச்சு!

பழைய இறகு உதிர்வது இயற்கை. ஒரேயடியாகக் கொட்டாது, இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். அங்கே முள் முள்ளாகப் புது இறகு முளைக்கும். பறவை வழக்கம்போல் தின்னும், கத்தும். இதற்கு எதற்கய்யா மருந்து?

தோல் தெரிய மொட்டையானால்தான் சந்தேகப்படணும். தலை மட்டும் மொட்டையா? தன் தலை தன் அலகுக்கு எட்டாதே! பெரும்பாலும் ஜோடிப் பறவை பிடுங்கியதாக இருக்கும். பிரித்து வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ ஆபத்து. சென்னையில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி எதற்கு இருக்கிறது? கூண்டைத் துணியால் மூடி அங்கே தூக்கிப் போகணும், அன்றைக்கே!