வெற்றி யார் கையில்?

“சூப்பர்மேன் பலசாலியா, ஹல்க் பலசாலியா?” மதிய இடைவேளையில் நாம் இடும் இந்த வழக்கு மணியடித்தாலும் தீர்வதில்லை. யாருக்கு உடல்வலிமை அதிகமோ அவருக்கே வெற்றி என்றுதான் நாம் எண்ணியிருந்தோம்.

ஆனால், 1938-இல் தோன்றிய சூப்பர்மேனுக்கு முதலில் பறக்கவே தெரியாது. தாவ மட்டுமே முடியும். பிற்காலக் கதைகளில்தான் பறந்தான். 1996-இல் மார்வெல், டிசி என்னும் இரு அமெரிக்க நிறுவனங்கள் தம் வீரர்களை ஒரே கதையில் மோதவிட்டன. அதில் ஐந்து போட்டிகளின் முடிவை வாசகர்களின் வாக்குகளே தீர்மானித்தன! ஆகவே, வீரர்களின் பலம் அவர்கள் தோளில் இல்லை. எழுதுவோர் பேனாவிலும் படிப்போர் விருப்பத்திலும் இருக்கிறது.

அதே கதையில், தகுதியுடையோர் மட்டுமே தூக்கக்கூடிய தோரின் சம்மட்டி வொண்டர் உமனுக்குக் கிடைத்தது. அதைக்கொண்டு ஸ்டார்ம் என்னும் வீராங்கனையுடன் மோதுவது நேர்மையன்று எனக் கீழே போட்டாள். வாக்குகள் ஸ்டார்முக்கு விழுந்தன; வொண்டர் உமன் தோற்றாள்.

உண்மையில் தோற்றாளா? தேர்வில் அடுத்தவள் தாளைப் பார்க்க வாய்ப்பிருந்தும் பாராமல், மதிப்பெண் இழந்த தோழியைத் தோற்றவள் என்போமா? நாம் வெல்வோமா என்பது பல வேளைகளில் பிறர் கையில். எப்படிப் போராடுகிறோம் என்பதோ என்றும் நம் கையில்தான், தோழியரே!