அதிர்ஷ்டம் என்னும் பெயரில்

ராகலைக் கடைவீதியில் லொத்தர் சீட்டு விற்கும் சிறு கூண்டின் முன்னே மாலை வேளைகளில் கூடி நிற்போரை நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள், கரட்டும் லீக்ஸும் விளையும் மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலி செய்யும் இளைஞர்கள், ஓய்வு பெற்றும் ஓய்வு காணாத முதியவர்கள் ஆகியோரே அங்கு நிற்பவர்கள். அவர்களைக் கடந்து செல்லும் படித்த கூட்டத்தார், "கணக்குத் தெரியாத சனங்கள்!" என்று உதட்டோரம் ஒரு சிரிப்பை உதிர்த்துச் செல்வதையும் பார்த்து வருகிறோம். இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது. அந்தக் கூண்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் கொள்கைக்கோ அதைவிடப் பன்மடங்கு எதிரானது.

கூண்டுக்கு நாள் தவறாது வரும் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர். இன்றும் லயத்துக் காம்பராவில்தான் வாசம். சீட்டுகளைப் பற்றியும் பரிசுகளைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் அவருக்குத் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம். ஏனெனில் அவை அவர் ஒருவருடைய அபிப்பிராயங்கள் அல்ல. மலையகத்தில் பல்லாயிரம் பேர் நெஞ்சில் வைத்திருப்பவை.

முதலாவது, சீட்டுகளைப் பற்றியது. ராசியைப் பார்த்து எடுக்கும் 'லக்ன வாசனா' அவருக்குப் பிடிக்காது. "ராசியை நம்பித்தானே இத்தனை காலம் கெட்டோம்" என்பார். அவர் வாங்குவது 'மஹஜன சம்பத'. அப்பெயருக்கு மக்களின் செல்வம் என்று பொருள். மக்களிடமிருந்து எடுப்பதற்கு மக்களின் செல்வம் என்றே பெயர் வைத்தவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்!

அந்தச் சீட்டில் ஆறு இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. ஆறு இலக்கங்கள் 10 இலட்சம் வகையில் அமையலாம்; அதனை 26 எழுத்துக்களாற் பெருக்கினால் 2 கோடியே 60 இலட்சம். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம். நாட்டிலுள்ள ஒவ்வொருவரும், தொட்டிற் குழந்தை உட்பட, வெவ்வேறு சீட்டாக வாங்கினாலும் பெரும் பரிசு எவருக்கும் விழாமற் போகலாம் என்பதே இதன் பொருள். நாளுக்கு ஒன்றாக அத்தனை சீட்டுகளையும் வாங்கித் தீர்க்க 71,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

இந்தக் கணக்கை நாம் அவரிடம் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. "பெரிய பரிசு நமக்கு விழாதுன்னு எனக்குத் தெரியாதா மாஸ்டர்? நாப்பது ரூபா குடுத்தா ராத்திரி குலுக்குற வரைக்கும் ஒரு நெனப்பு கெடைக்குது. அந்த விலைக்கு அத வேற எந்தக் கடையில விக்கிறாங்க?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. கணக்கு அவருக்கும் தெரியும். நம்பிக்கையை 40 ரூபாவுக்கு விலைக்கு வாங்கவேண்டிய நிலையில் ஒரு மனிதனை வைத்தது எது என்பதே நாம் கேட்கத் தவறிய கேள்வி.

விலைக்கு வருவோம். 20 ரூபாவாயிருந்த சீட்டு 2023இல் 40 ரூபாவாயிற்று. ஒரே அடியில் இரட்டிப்பு! கூலியோ? 2021இல் 1,000 ரூபா. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபா என்று முழங்கினார்கள். கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின, வர்த்தமானி தடைப்பட்டது, செப்டம்பரில் 1,350 ரூபா அடிப்படைக் கூலி என்று முடிந்தது. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. சீட்டின் விலை ஏறியபோது எந்தக் கம்பனியும் வழக்குத் தொடுக்கவில்லை. கூலி ஏறும்போது மட்டும் நாட்டின் பொருளாதாரம் ஆட்டங்கண்டுவிடுகிறது! நாளுக்கு ஒரு சீட்டு என்றால் ஆண்டுக்கு 14,600 ரூபா. 1,350 ரூபாக் கணக்கில் அது ஏறத்தாழ பதினொரு நாள் உழைப்பு. 1,750 ரூபாக் கணக்கிலும் எட்டு நாளுக்கு மேல். நிறை குறைந்தால் அரைப்பேர் என்று கூலியை வெட்டும் உலகத்தில் அந்த எட்டு நாள் அற்பமானதன்று.

இரண்டாவது, பரிசுகளைப் பற்றியது. இதில்தான் பெரியவர் நம்மைத் திகைக்க வைத்தார். "கோடி ரூபாயை ஒருத்தனுக்கே எதுக்குக் குடுக்கணும்? நூறு பேருக்கு இலட்சம் இலட்சமாக் குடுத்தா நூறு வீட்டுல அடுப்பு எரியுமே!" என்றார். வாசகர்களே, இது சூதாடியின் பேச்சா? செல்வம் ஓரிடத்தில் குவிவது அநீதி, பங்கிடப்படுவதே முறை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டே வாக்கியங்களிற் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நியாயத்தை அவர் சீட்டோடு நிறுத்திக்கொண்டார். தேயிலைக்கும் காணிக்கும் அதை நீட்டவில்லை. நீட்டாதபடி தடுத்து வைப்பதே அந்தக் கூண்டு செய்யும் பெருந்தொண்டு. கோடியை எப்படிப் பங்கிடலாம் என்று கூண்டருகே வாதிடுகிறவர்கள், கொழுந்தின் விலையை யார் பங்கிடுகிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

சீட்டுப் பணம் நற்காரியங்களுக்குத்தானே போகிறது என்று சிலர் வாதிடுவர். தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் கீழ் எழுந்தது. அதன் இலாபம் திறைசேரிக்குச் செல்கிறது. அபிவிருத்தி லொத்தர் சபையின் பணம் ஜனாதிபதி நிதியத்துக்குச் செல்கிறது. வறுமை ஒழிப்பும் கல்வி வளர்ச்சியும் 1978இல் அந்நிதியம் நிறுவப்பட்டதன் நோக்கங்கள். ஆனால் 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் வாசிக்கப்பட்டது. அந்நிதியத்திலிருந்து தம் மருத்துவச் செலவுக்கெனப் பணம் பெற்ற அரசியல்வாதிகளின் பட்டியல் அது. கூண்டருகே நின்று 40 ரூபாவை எண்ணிக் கொடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருந்துச்சாலைதான் கதி. அவருடைய காசில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களோ வேறு ஆட்கள். பாடசாலையும் மருத்துவமனையும் அரசின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய ஏழையிடம் ஆசை காட்டிப் பணம் திரட்டுவது, வரி என்ற பெயரில்லாத வரியன்றி வேறென்ன?

மூன்றாவது, வாழ்க்கையைப் பற்றியது. இங்குதான் நாம் அவரோடு முற்றாக முரண்படுகிறோம். "எல்லாமே குலுக்கல்தான் மாஸ்டர். எந்த லயத்துல பொறக்கிறோம், எந்தத் துரைக்கிட்ட மாட்டுறோம், மண்ணு எந்தப் பக்கம் சரியுது, எல்லாம் அவனவன் அதிர்ஷ்டம்" என்பது அவர் முடிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைகள் சரிந்ததைக் கண்டவர் அவர். அவருடைய வேதனையை மதிக்கிறோம், முடிவை மறுக்கிறோம். மழை இயற்கை. சரிவின் அடியில் மனிதரைக் குடியிருத்தியதும், வெள்ளைத் துரைமார் காலத்துக் காம்பராக்களில் இன்றும் அவர்களை விட்டு வைத்திருப்பதும் இயற்கையா?

வரலாற்றைக் கேட்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டம் குலுக்கலில் விழவில்லை. பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். தேசிய லொத்தர் சபை தோன்றிய மறு ஆண்டு, 1964 அக்டோபரில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்களை இலக்கங்களாக்கி, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகப் பிரிந்ததைத் தலைவிதி என்று சொல்லி அழுதார்கள் நம் பாட்டிமார். தலைவிதிக்குக் கையொப்பம் உண்டா? இதற்கு இருந்தது, இரண்டு பிரதமர்கள் இட்ட கையொப்பம்.

சட்டத்தால் வந்த கேடு சட்டத்தாலேதான் தீர்ந்தது. 2003இல் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது, பல்லாண்டுக் குரலின் பயனாக. கூலியும் அவ்வாறே உயர்ந்தது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார் கோவிந்தன். அவர் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்கவில்லை.

அப்படியானால் சீட்டைத் தடைசெய்துவிடலாமா? தமிழகத்தைப் பார்ப்போம். அங்கு அரசே 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. இடையில் நின்றும் மீண்டும் தலையெடுத்தும் வந்த அவ்வியாபாரம் 2003இல் தடைசெய்யப்பட்டது. மூன்று இலக்கச் சீட்டு மறைவிலே தொடர்ந்தது. வறுமையைத் தொடாது சீட்டை மட்டும் கிழிப்பதால் பயனில்லை. கூண்டுக்குள் அமர்ந்து விற்பவரும் அன்றாடம் தரகுக்காசில் பிழைப்பவரே. அவருக்கும் நமக்கும் பகையில்லை. அரசு தன் குடிகளிடம் கனவு விற்றுப் பணம் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். வாழத்தக்க கூலியையும், உறுதியோடு கூடிய காணியையும், சரியாத நிலத்தில் வீட்டையும் தர வேண்டும். இவை கிடைத்தபின் எவரேனும் விளையாட்டாக ஒரு சீட்டு வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! கூண்டின் முன் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வகுப்பறையிலே நிகழ்தகவு கற்பிக்கும் நாளில் 'மஹஜன சம்பத' சீட்டொன்றைக் கரும்பலகையில் எழுதிப் பெருக்கிக் காட்டுங்கள். அடுத்த பாடவேளையிலேயே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் கற்பியுங்கள். எது தற்செயல், எது மனிதர் செய்தது என்பதைப் பிள்ளைகள் தாமே பிரித்தறியட்டும். பிறகு அந்தப் பெரியவரிடம் சென்று அமருங்கள். கோடியை நூறு பேருக்குப் பங்கிடச் சொன்ன அவருக்கு, தோட்டத்தின் கணக்கையும் கேட்கும் உரிமை உண்டென்று எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை அவரோடு சேர்ந்து நாமும் கேட்போம்.