தேர்தல் களத்தில் பணத்தின் ஆதிக்கமும் மாணவர் கடமையும்

25 வயது நிரம்பிய பிரஜை எவரும் 10,000 ரூபாய் டெபாசிட் கட்டி, பட்டியல் இனத்தவராயின் அதிலும் பாதி மட்டுமே கட்டி, சட்டமன்றத் தேர்தலில் அபேட்சகராக நிற்கலாம் என்பது நமது சட்டம். ஆயினும், கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாகும் கனவோடு கல்லூரிக்கு வந்து, எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் மாணவர்களில் ஒருவர், எத்துணை அறிவும் தொண்டுள்ளமும் வாய்த்தவராயினும், அந்த உரிமையை என்றேனும் மெய்யாகவே பயன்படுத்த இயலுமா என்று எவரேனும் கேட்டால், இயலாது என்றே நாங்கள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் தோற்றதும் உண்டு, வென்றதும் உண்டு. ஆகவே வெற்றியைப் பணம் நிர்ணயிக்கிறதா என்பதைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். களத்தில் இறங்கத் தக்கவர் யார் என்பதை அது முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எமது மாணவர் சங்கம் இப்பிரச்சினையில் பகிரங்கமாக ஒரு நிலைப்பாடு எடுப்பதற்கு இதுவே முதற் காரணம்.

தமிழ்நாடு இவ்விஷயத்தில் அடைந்திருக்கும் கீர்த்தி விரும்பத் தக்கதன்று. 2009 ஆம் ஆண்டு திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் அவ்வூரின் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்கு அடையாளமாகிவிட்டது. 2016 இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், பணப் பட்டுவாடாவின் காரணமாகவே தேர்தல் ரத்து செய்யப்பட்டது. 2019 இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்கும் அதே கதி நேர்ந்து, வாக்குப்பதிவு ஆகஸ்ட் மாதம்தான் நடந்தது. பட்டுவாடா நடக்கும் விதத்தை அறியாதவர் நம்மிடையே இல்லை. வாக்காளர் பட்டியலின் பக்கங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு, வீட்டில் எத்தனை ஓட்டு என்று விசாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே பென்சிலால் ஒரு கோடிட்டு, அத்தனை கவர்களை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகரும் இளைஞர்களில் பலர் கல்லூரி மாணவர்கள் என்பதே எங்களை நாணச் செய்வது. ஆரத்தித் தட்டில் விழும் நோட்டும், இருசக்கர வாகன ஊர்வலத்துக்கு நிரப்பித் தரும் பெட்ரோலும், மாலையில் கையில் திணிக்கும் தினக்கூலியும் ஒரே பெட்டியிலிருந்து புறப்படுபவை.

பணம் வாங்கும் ஏழைகளைப் பழிக்கும் மேடைப் பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை. கொடுப்பவரோடு வாங்குபவரையும் சட்டம் குற்றவாளியாகவே கருதி ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. எனினும், ரேஷன் கடையிலும் தாலுகா அலுவலகத்திலும் ஐந்தாண்டுக் காலம் கால்கடுக்க நின்றும் காரியம் ஆகாத ஒரு தாய், தேர்தல் சமயத்தில் மட்டும் தன்னைத் தேடி வரும் தொகையை வாங்கிக்கொண்டால், அவளை நோக்கி விரல் நீட்டுமுன் நாம் நாணித் தலைகுனிய வேண்டும். ஆனால் மாணவர்களாகிய நாங்கள், பணத்தை வாங்கிக்கொண்டு மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்னும் சித்தாந்தத்தை அடியோடு நிராகரிக்கிறோம். அந்தத் தொகை தர்மமாக வருவதன்று, முதலீடாக வருவது. ஊருக்குப் போடும் சாலையின் கனத்திலும், கட்டும் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டிலும், ஒப்பந்தக் கமிஷனாக அது வட்டியோடு திரும்ப எடுக்கப்படும். யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அந்தக் கடனை அடைப்பவர்கள் ஊரார்தான்.

கடைமடைக்கு வந்து சேரும் நீரை மட்டும் பார்த்துக்கொண்டு அணையின் மதகைப் பாராதிருப்பது பேதைமை. சட்டமன்றத் தொகுதியில் ஓர் அபேட்சகர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று விதித்த நாடு, அவருடைய கட்சி எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு இன்றுவரை எல்லை வகுக்கவில்லை. அபேட்சகருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கிலேயே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தபோது, அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அத்தீர்ப்பின் பயனை இல்லாமற் செய்தார்கள். பின்னர் 2003 இல், கட்சியின் செலவை அபேட்சகர் கணக்கில் சேர்க்காத அந்தச் சலுகை ஓரளவு சுருக்கப்பட்டதேயன்றி, கட்சிகளின் மொத்தச் செலவு கட்டற்றே இருக்கிறது. கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பவர் பெயரை மறைத்துவைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018 முதல் நடந்து, 2024 பிப்ரவரி 15 அன்று அரசியல் சாசனத்துக்கு விரோதமானதென்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளாலும் ஒருமனதாக ரத்து செய்யப்பட்டதை நாங்கள் மனமார வரவேற்றோம். அவ்வழக்கைத் தொடுத்தவற்றுள் ஒன்றான ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், 1999 இல் அகமதாபாத் மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கியது என்பதை இங்கே விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். அபேட்சகர்களின் சொத்து விவரமும் குற்ற வழக்கு விவரமும் இன்று நம் கண்ணில் படுவது அவர்கள் நடத்திய முந்தைய வழக்கின் பயனே.

படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெரியோர்களுக்கு, அதே அகமதாபாத்தில் 1973 டிசம்பரில் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியின் உணவுக் கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த மாணவர் கிளர்ச்சி, சில வாரங்களுக்குள் லஞ்ச ஊழலுக்கு எதிரான பேரியக்கமாகி, குஜராத் முதலமைச்சரைப் பதவி விலகச் செய்ததை நினைவூட்டுகிறோம். அக்கிளர்ச்சியில் நேர்ந்த உயிர்ச்சேதமும் வன்முறையும் எங்களுக்கு ஒருபோதும் ஏற்புடையவை அல்ல. அதையடுத்துப் பீகார் மாணவர்களின் அழைப்பை ஏற்று முன்வந்த ஜெயப்பிரகாஷ் நாராயணன், தேர்தல் சீர்திருத்தத்தை ஆராயத் தார்க்குண்டே தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைக்க வேண்டும் என்று அக்குழு அன்றே சொன்னது, 1989 இல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. நம் தமிழ்நாட்டிலோ, 1965 மொழிக் கிளர்ச்சியில் மாணவர் தலைவராக விளங்கிய பெ. சீனிவாசன், 1967 இல் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவருக்குப் பின்னே ஒரு பெருங்கட்சி நின்றது மெய்தான். அவர் எதிர்த்து நின்ற தலைவரும் தமக்கென்று சொத்துச் சேர்க்காத மகான். அத்தகைய இருவர் ஒரு தொகுதியில் எதிரெதிரே நிற்கும் காட்சியை இன்று எந்தக் கட்சியின் நேர்காணல் அறை அனுமதிக்கும்?

எனவே, கட்சிகளின் தேர்தல் செலவுக்குச் சட்டப்படி உச்சவரம்பு விதிக்க வேண்டும் என்றும், 20,000 ரூபாய்க்குக் குறைந்த நன்கொடைகளுக்குப் பெயர் அறிவிக்க வேண்டியதில்லை என்ற விலக்கை நீக்க வேண்டும் என்றும் கோருகிறோம். நன்கொடை கொடுப்பவரின் அந்தரங்கத்தையும் பாதுகாக்க வேண்டாமா என்ற ஆட்சேபம் நியாயமற்றதன்று. ஆயினும் சர்க்காரின் கொள்கையை வளைக்கத் தக்க பணத்துக்கு அந்தரங்கம் கிடையாது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கோரிக்கை விடுப்பதோடு நின்றுவிடுவதும் எங்கள் உத்தேசமன்று. எமது உறுப்பினர் எவரும் ஓட்டுக்கென்றோ ஊர்வலத்துக்கென்றோ சுவரொட்டி ஒட்டுவதற்கென்றோ எக்கட்சியிடமிருந்தும் ஒரு ரூபாயும் பெறலாகாது. பெறுபவர் சங்கத்திலிருந்து விலக்கப்படுவர். விருப்பமான கட்சிக்கு ஊதியமின்றி உழைப்பதற்கு எந்தத் தடையுமில்லை. கல்லூரிப் பேரவைத் தேர்தலில் ஓர் அபேட்சகர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது, கட்சிப் பணம் தொடலாகாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே வேண்டும் என்று லிங்டோ குழு வகுத்து, 2006 இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிகளின்படி, பேரவைத் தேர்தல் நின்றுபோன கல்லூரிகளிலெல்லாம் அதனை மீண்டும் நடத்த வேண்டும். பணமின்றித் தேர்தலில் நிற்க இயலும் என்பதை மாணவர்கள் தங்கள் அனுபவத்தில் அறிவதற்கு வேறு பள்ளி கிடையாது.

பொதுத் தேர்தலிலோ, முடிவு வெளியான 30 நாட்களுக்குள் ஒவ்வோர் அபேட்சகரும் தம் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அதனை ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி எந்தப் பிரஜையும் பார்வையிடலாம். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், வங்கிக் கணக்குக்கு மஞ்சள் தாள் என்று வகுக்கப்பட்ட அந்தப் பதிவேட்டை எந்த வாக்காளரேனும் கேட்டுப் படித்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் உறுப்பினர்கள் தத்தம் தொகுதியில் கண்ட பந்தல், வாகனம், நாற்காலி, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பிரசாரக் காலம் முழுவதும் தேதியிட்டுக் குறித்துவைத்து, பின்னர் அந்த ஒரு ரூபாயைச் செலுத்தி, தங்கள் குறிப்பையும் பதிவேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, கண்ட வேற்றுமையை எக்கட்சியாயினும் தாட்சண்யமின்றித் தேர்தல் ஆணையத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பார்கள்.