கடைமடைக்கும் வந்து சேரட்டும்: அயல்நாட்டில் படித்துத் திரும்பிய வேளாண் மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை - உழவர் நலத்துறைக்கும், வேளாண் கல்லூரிகளை நடத்துவோருக்கும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கும் இதை முன்வைக்கிறோம். அயல்நாட்டில் ஒரு பருவம் படித்துத் திரும்பியவர்களும், இடம் கிடைத்தும் பணமில்லாமல் நின்றுபோனவர்களும் சேர்ந்து எழுதுவது இது.

எழுதும் நான் வேதாரண்யத்துக்காரி. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த ராத்திரி, எங்கள் கொல்லையில் நின்ற மாவும் தென்னையும் சாய்ந்தன. வேளாண் படிப்பின் மூன்றாம் ஆண்டில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் படிக்கப் போனேன். நெதர்லாந்தும் எங்கள் பகுதியைப் போலக் கழிமுகம்தான். 1953 பிப்ரவரி 1 அன்று கடல், கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததில் அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அந்த வெள்ளத்தில் மூழ்கிய சீலாந்து மாகாணத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள்.

அங்கே நிலத்தடியில் உப்புநீர். அதன் மேல் மழைநீர் ஒரு படலமாக மிதக்கிறது. பழைய ஓடைகள் விட்டுப்போன மணல் மேடுகளில் நன்னீரை இறக்கி, படலத்தைத் தடிமனாக்கி, கோடையில் எடுத்துப் பாய்ச்சும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். “உங்கள் கடற்கரையிலும் மணல் மேடு உண்டல்லவா, உழவர்கள் என்ன செய்கிறார்கள்?” என்று பேராசிரியர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அப்பாயிக்குப் போன் போட்டேன். “மணல்ல குட்டை வெட்டி, மேல்தண்ணிய மட்டும் மொண்டு புகையிலைக்கு ஊத்துவோம். ஆழமா வெட்டுனா உப்பு ஏறிடும்டி” என்றாள். இதைப் பற்றி மூன்று வருடப் பாடத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. வெறுங்கையோடு போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே முதலில் இதைக் கேட்கிறோம். அயல்நாடு போகும் மாணவர் எவரும் புறப்படும் முன்பே தன் வட்டாரத்து உழவர்களோடு ஒரு பயிர்ப் பருவம் இருந்து, அந்த மண்ணையும் நீரையும் பதிவு செய்ய வேண்டும். கிராமத்தில் தங்கும் பயிற்சி இப்போது நான்காம் ஆண்டில்தான் வருகிறது. அதை முன்னே கொண்டுவாருங்கள்.

அடுத்தது பணம். விசாவுக்கு வங்கி இருப்பு காட்ட வேண்டும், விமானச் சீட்டு எடுக்க வேண்டும். எனக்கு உதவித்தொகை வந்ததோ அதற்கெல்லாம் பிறகு. எங்கள் வீட்டு நகை அடகுக்குப் போனது. என்னைவிட நன்றாகப் படித்த விடுதித் தோழியின் வீட்டில் அடகு வைக்க எதுவும் இல்லை. அவள் போகவில்லை. செலவு முழுவதையும் பிணை கேட்காமல் முன்பணமாகத் தாருங்கள்.

அங்கே தேறிய பாடங்களை இங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, தேர்வில் தவறியவளைப் போல மறுபடி எழுதினேன். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் கொடுங்கள்.

நெதர்லாந்து போகிறவர்களுக்குக் கண்ணாடிப் பசுமைக்குடில்களை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். மாட்டுச் சாணத்திலிருந்து கிளம்பும் நைட்ரஜன் மிகுந்து, 2019இல் விவகாரம் நீதிமன்றம் வரை போய், அதே ஆண்டு அக்டோபரில் உழவர்கள் டிராக்டரில் ஹேக் நகருக்குப் படையெடுத்த நாடு அது. 45 கிலோ யூரியாவை ₹266.50க்கு வாங்கி அள்ளிப்போடும் நமக்கு அந்தத் தோல்வியும் பாடம்தான்.

நீரை நிர்வகிக்க அங்கே 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட ஏற்பாடு. இன்றும் தேர்தல் உண்டு, சொந்த வரி உண்டு, உழவர்களுக்கென ஒதுக்கிய இடமும் உண்டு. இதையெல்லாம் ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது கல்லூரி அலமாரியில் கிடக்கிறது. மதகு திறக்கும் தேதிக்காகக் காத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அல்லவா அது தெரிய வேண்டும்? திரும்பி வரும் ஒவ்வொருவரும் தமிழில் அறிக்கை தரவேண்டும். மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அவர்கள் பேசப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

பரிமாற்றம் என்று பெயர் வைத்துவிட்டு நாங்கள் மட்டும் போய்வருவது சரியில்லை. அங்குள்ள மாணவர்களும் இங்கே வரட்டும். மாநகர விடுதியில் அல்ல, சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில் கடைமடை ஊர்களில் தங்கட்டும். எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. எவ்வளவு ஆழம் வெட்டினால் உப்பு ஏறும் என்பதை அப்பாயி மண்ணைத் தொட்டுக் காட்டுவாள். அந்தப் பாடத்துக்கு அவளுக்குப் பயிற்றுநர் ஊதியமும் தரவேண்டும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம்.