ஒரே கூரை என்னும் மூடநம்பிக்கை

ஊழியர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்தால்தான் குழுவாக வேலை செய்ய முடியும் என்ற நம்பிக்கை தொழில்நுட்ப நிறுவனங்களின் மேலிடத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2013 பிப்ரவரியில் யாஹூ, வீட்டிலிருந்து வேலை செய்தவர்களை ஜூன் மாதம் முதல் அலுவலகத்துக்கு வரச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்ல முடிவுகள் சில நடைவழிப் பேச்சிலும் கேன்டீனிலும் பிறக்கின்றன என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். 2017-இல் ஐபிஎம்மும் அதே வழியில் போனது. கொரோனாவுக்குப் பிறகு இன்னும் பல நிறுவனங்கள் இதையே சொல்லி ஊழியர்களைத் திரும்ப அழைக்கின்றன. இந்த வாதத்தின் அடிப்படையே தவறு.

அலுவலகத்தை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் வெளியிட்ட ஆய்வு. இரு பொறியாளர்களின் மேசைகளுக்கிடையே தூரம் கூடக்கூட அவர்களுக்குள் பேச்சு வேகமாகக் குறைகிறது என்று அவர் கண்டார். உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டியதுமே அந்தப் பேச்சு மிக அரிதாகிவிடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அப்படியானால் பத்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்காரரும் எட்டாம் மாடிக்காரரும் ஒரே இடத்தில் இருப்பதாகச் சொல்வதற்குப் பொருளே இல்லை. சுவர்களை இடித்துத் திறந்த கூடமாக்கினால் பேச்சு பெருகும் என்று எண்ணிய இரு பெரிய அமெரிக்க நிறுவனங்களில் நடந்ததும் நேர்மாறானது. 2018-இல் வெளியான பெர்ன்ஸ்டைன், டர்பன் ஆய்வின்படி, அங்கே நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது.

யார் எந்த வேலையைச் செய்கிறார், எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதில்தான் கூட்டுழைப்பு நிற்கிறது. 1995-இல் தொடங்கிய அப்பாச்சி என்ற மென்பொருள் குழுவுக்கு அலுவலகம் கிடையாது. மின்னஞ்சலிலேயே திருத்தங்களை அனுப்பி, ‘+1’, ‘-1’ என்று எழுதி வாக்களித்து முடிவெடுத்தார்கள். மறுத்தவர் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணமும் பதிவில் நிற்கும். 1996 ஏப்ரலுக்குள் இணையத்தில் மிக அதிகமாகப் பயன்பட்ட வெப் சர்வராக அவர்களுடைய மென்பொருள் வளர்ந்திருந்தது.

நெருக்கடி என்று வந்தால் எல்லோரும் ஓர் அறையில் கூடித்தானே ஆக வேண்டும் என்று கேட்பதுண்டு. அலுவலகமே இல்லாத கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியாளர் துணை சர்வரில் இருப்பதாக எண்ணி முதன்மை சர்வரின் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சட்டென நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. வழக்கமான பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. குழுவினர் ஒரே பகிர்வு ஆவணத்தில், என்ன செய்தோம், எது பலிக்கவில்லை, அடுத்து என்ன என்று எழுதிக்கொண்டே போனார்கள். அந்த ஆவணத்தை உலகமே படிக்கத் திறந்துவைத்தார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த நகலிலிருந்து மறுநாள் சேவை திரும்பியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் அந்த இழப்புக்குக் காரணம் சோதித்துப் பார்க்காத பேக்கப், தூரம் அல்ல. மீட்பு நடந்த விதமோ எந்த அறைக்கும் குறைந்ததல்ல. அறைக்குள் கத்திப் பேசியது மறந்துபோகும். இங்கே ஒவ்வொரு அடியும் எழுத்தில் இருந்தது.

எதிர்த்தரப்பிலும் வலுவான ஆய்வுகள் உண்டு. மைக்ரோசாஃப்டின் 61,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஊழியர்களைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வு, தொலைவேலையில் குழுக்களுக்கிடையிலான தொடர்பு சுருங்கியதைக் காட்டியது. அது அளந்தது 2020-இன் முதல் பாதியை. அலுவலகத்துக்கென்றே அமைந்த ஒரு நிறுவனம் திடீரென வீட்டுக்குப் போன காலம் அது. 2022-இல் நேச்சர் இதழில் வந்த இன்னோர் ஆய்வு, வீடியோவில் பேசிய ஜோடிகளுக்குப் புதிய யோசனைகள் குறைவாகவே தோன்றின என்றது. யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இந்தக் குறை திரையில் நடக்கும் மீட்டிங்கின் குறை. நாள் முழுக்க வீடியோ கால் வைத்து அலுவலகத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் அதைத் தாமாகவே வாங்கிக்கொள்கின்றன.

உண்மையில் பாதிக்கப்படுவோர் புதிதாகச் சேர்ந்தவர்கள். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. இதற்கு மாற்றுச் செய்ய நேரமும் பணமும் செலவாகும்: கேள்வி கேட்கவென்றே ஒரு மூத்தவரை ஒதுக்குவது, கிட்லேப் செய்வதுபோல் நடைமுறைகளைக் கையேடாக எழுதி அன்றாடம் திருத்துவது, ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டுவது. இந்தச் செலவைச் செய்யாத நிறுவனம் தோற்றால் பழி அதன் நிர்வாகத்தைத்தான் சேரும். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள்மீது அதைச் சுமத்துவது அநியாயம்.